அவர் வண்டியைப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா?



ரசப்பொடி அளவும் கோலமும் எழுதி அனுப்பியே பழகிய கை இது. இந்தத் தடவை மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப்போகிறேன். "உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கேட்டுவிடாதீர்கள். நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குக் கடைசியில் பதில் சொல்ல வேண்டியது நாம்தான் என்பதை ஒரு அமாவாசை ராத்திரியில் நான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயில் என்றால் தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். அமாவாசை தவறாமல் ஊஞ்சல் உற்சவம், ஜனக்கூட்டம், ஸ்பெஷல் பஸ். ஆடி அமாவாசைக்குக் கேட்கவே வேண்டாம். 2025 ஆடி அமாவாசை அன்று ராத்திரி பத்து மணி இருக்கும். வாசலில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த என் வீட்டுக்காரர் வண்டியைக் காணோம்! பையனையும் காணோம். கொழுந்தனார் போன் பண்ணினார்: "அண்ணி, பதறாதீங்க. வளத்தி ரோட்டுல பையனை நிறுத்தி வெச்சிருக்காங்க."

அவனுக்கு அப்போது 17 வயசு. பிளஸ் டூ. ஸ்நேகிதனை பஸ் ஏற்றிவிடப் போனானாம். ஓடிப்போய்ப் பார்த்தால், போலீஸ்காரர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "அம்மா, சட்டப்படி பையனை இல்ல, உங்களைத்தான் உள்ள வெக்கணும்."

திருவிழா நேரம் என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அவர் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த பிரிவு அது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் காப்பாளருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, ரூ.25,000 அபராதம். அந்த வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயசு ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. அப்பா இல்லாத வீட்டில் காப்பாளர் யார்? அடுப்படியில் நிற்கும் நாம்தானே!

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி.

வண்டி ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். 2003 ஜூனில் வாங்கியது. தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2018-ல் அவரே நேரில் போய்ப் புதுப்பித்துவிட்டு வந்தார். அப்போது கட்டணம் முந்நூறு ரூபாய் அளவில்தான். அந்த ஐந்து வருஷம் 2023 ஜூனில் முடிந்துவிட்டது. அவரோ 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பிறகு ஒன்றரை வருஷம் கொழுந்தனார் நிலத்துக்குப் போக அதை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொந்தமாக வண்டி வாங்கினார், இது தார்ப்பாய்க்கு அடியில் போனது. பதிவு முடிந்ததும் யாருக்கும் தெரியாது, இன்சூரன்ஸ் செத்துப்போனதும் யாருக்கும் தெரியாது. நான்? நிலத்துப் பட்டாவை மாற்ற வாரிசு சான்றிதழ் வாங்கினேன், பேங்க் புத்தகத்தை மாற்றினேன், ரேஷன் கார்டைத் திருத்தினேன். வாசலிலேயே நிற்கும் வண்டி மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வண்டிச் சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம். அப்படித் தெரிவித்தால் மூன்று மாதம் வரை வாரிசு அந்த வண்டியை ஓட்டலாம், அதற்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கருமாதி முடிந்து கண்ணீர் காயாத வீட்டில் இதை யார் சொல்வார்கள்? சொல்ல ஆள் இல்லாததால்தான் இங்கே எழுதுகிறேன், தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, புதுப்பித்துவிடலாமா, வேண்டாமா? வீட்டில் மூன்று பேர் மூன்று கட்சி.

அத்தைக்கு அது பிள்ளை மாதிரி. ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்காமல் விட மாட்டார். "எம் புள்ள வண்டிய இரும்புக் கடையிலயா போடப் போற?" என்று கேட்டார் பாருங்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ராஜஸ்தானில் பாலி பக்கம், ஓட்டியவர் விபத்தில் இறந்துபோன ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளைக் கண்ணாடிக்குள் வைத்துக் கோயிலாகவே கும்பிடுகிறார்கள். ஓம் பன்னா கோயில் என்று பெயர். போகிற வருகிற டிரைவர்கள் எல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்களாம். அத்தை அதைக் கேட்டிருந்தால் எங்கள் வாசலிலும் ஒரு கோயில் எழும்பியிருக்கும்!

பையனுக்கு அது பைக். பதினெட்டு முடிந்ததும் ஓட்ட வேண்டும். அப்பா வாசனை அதில் இருக்கிறது என்கிறான். பெட்ரோல் வாசனையைத்தான் சொல்கிறானோ என்னவோ.

கொழுந்தனாருக்கு அது எடைக்குப் போட வேண்டிய இரும்பு. "அண்ணி, பதினைஞ்சு வருஷம் ஆன வண்டியை கவர்மென்டே புடுங்கிக்கும். வந்த விலைக்குத் தள்ளுங்க" என்றார். இது ஊர் முழுக்கப் பரவியிருக்கும் பேச்சு, பாதிதான் உண்மை. வயசை வைத்து வண்டியை நிறுத்திய கதை டெல்லியுடையது. காற்று மாசுக்காக அங்கே பத்து வருஷ டீசல் வண்டியும் பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. அதன்மேல் இன்னமும் வழக்கு, மாற்றம் என்று போய்க்கொண்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டில் அப்படி இல்லை. சொந்த உபயோக வண்டி நல்ல நிலையில் இருந்து, கட்டணமும் பசுமை வரியும் கட்டி, இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்றால் இருபது வருஷம் தாண்டினாலும் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். எதிர் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் வண்டி 2001 மாடல். தினமும் விடியற்காலையில் பூ எடுக்கச் செஞ்சிக்குப் போய் வருகிறது. தவறாமல் புதுப்பிக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் சோறு போடும் வண்டி.

என்னுடைய கட்சி? ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன்.

புதுப்பிக்கும் கட்டணம் இரு சக்கர வண்டிக்கு 2022 ஏப்ரலில் ரூ.1,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு ரூ.2,000 ஆக்கிவிட்டார்கள். எங்கள் வண்டி தாண்டிவிட்டது. இது போகட்டும். வயிற்றில் அடிப்பது தாமதக் கட்டணம்தான். தேதி முடிந்த பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் ரூ.300 என்பது 2022-ல் வந்த விதி. 32 மாதத்துக்கு ரூ.9,600! வண்டி தார்ப்பாய்க்கு அடியில் தூங்கினாலும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இன்சூரன்ஸ், மூன்றாம் நபருக்கு மட்டும் போட்டால் இந்த சி.சி. வண்டிக்கு வருஷம் ரூ.714, வரியோடு ஏறக்குறைய ரூ.843. மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்து பார்த்தார். டேங்க் உள்ளே துரு, கார்பரேட்டர் அடைப்பு, டயர் ரெண்டும் கல்லு மாதிரி, பேட்டரி அவுட். "பிஸ்டன் நல்லாருக்குக்கா. ஆறாயிரத்து ஐநூறு ஆவும். ஆனா இப்ப பங்க்ல வர்றது இருபது பர்சென்ட் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டி ரப்பர் டியூப், வாஷர் எல்லாம் அதுக்குன்னு செஞ்சது இல்ல. மாத்திட்டு ஓட்டினாதான் நல்லது" என்றார். இதோடு பெயர் மாற்றம், பசுமை வரி, புகைச் சான்றிதழ். எல்லாம் சேர்ந்தால் இருபதாயிரத்தைத் தொடுகிறது.

புது வண்டி எடுத்தால் ரோட்டுக்கு வரும்போது ஒரு லட்சத்தை எட்டிப் பிடிக்கிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்த பிறகும் இந்த நிலைமை. அதோடு ஒப்பிட்டால் இருபதாயிரம் கொள்ளை மலிவு என்று பையன் சொல்கிறான். கணக்கில் அவன் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2003-ல் செய்த வண்டியின் பிரேக் 2003 பிரேக்தான். ஒரு பிரேக்கை மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு சின்ன வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலில்தான் கட்டாயமானது. பதினெட்டு வயசு ரத்தம், இருபத்து மூன்று வயசு பிரேக். ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா?

தூக்கத்தைக் கெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. என் சித்தி மகள் வீட்டில் நடந்தது. அவள் வீட்டுக்காரர் வண்டிக்கு இன்சூரன்ஸ் போடாமல் விட்டிருந்தார்கள். "இதோ கடைக்குத்தான்" என்று பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துப் போனவன் ஒரு பெரியவரை இடித்துவிட்டான். கேஸ் நடந்து நஷ்ட ஈடு தீர்ப்பானபோது, இன்சூரன்ஸ் இல்லாததால் வண்டி யார் பெயரில் இருந்ததோ அவர் தலையிலும் விழுந்தது. அவள் தாலிச் சரடு தவிர மிச்சமெல்லாம் அடகுக் கடைக்குப் போனது. இன்சூரன்ஸ் மட்டும் இருந்தாலும் போதாது போலிருக்கிறது. தற்காலிகப் பதிவு முடிந்துபோன ஒரு கார் திருட்டுப் போனதில், செல்லத்தக்க பதிவு இல்லாததால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். புதுப்பிப்பது ஒரு வழி, கைகழுவுவது ஒரு வழி. நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழியில் போகிறோம். வண்டி வாசலில் நிற்கும், சாவி ஆணியில் தொங்கும், "கொல்லிக்குத்தானே, கோயிலுக்குத்தானே" என்று யாராவது எடுத்துப் போவார்கள். கொல்லிக்குப் போகும் ரோடும் ரோடுதான். அந்த மூன்றாவது வழியைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. நான் நாலு வருஷம் செய்ததால் உரிமையோடு திட்டுகிறேன்.

சரி, இரண்டில் எது? நோட்டை மூடிவிட்டு வாசலில் போய் நின்று வண்டியையே பார்த்தேன். 2008-ல் நிறை மாசத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இதே வண்டியில்தான் செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பள்ளம் வந்தால் முன்னாடியே "பள்ளம்" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார். தீபாவளித் துணி, தாய் வீட்டுச் சீர், விதை மல்லாட்டை மூட்டை எல்லாமே இதில்தான் வந்தது. பதினெட்டு வருஷம் நான் உட்கார்ந்த வண்டி. எங்கே உட்கார்ந்தேன்? பின் சீட்டில், ஒருக்களித்து, ஒரு கையால் முந்தானையையும் இன்னொரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு! அந்த வண்டியில் புடவைக்காரிக்கு இருக்கிற இடமே அதுதான். முன்னால் டேங்க். காலைத் தூக்கிப் போட வேண்டும், கிக்கர் உதைக்க வேண்டும், கியர் மாற்ற வேண்டும். சுடிதார் போட்டுக்கொண்டு கியர் வண்டியே ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் சல்யூட். எனக்கு நாற்பத்து நாலு வயசு, முழங்கால் வலி, வீட்டில் வயசான அத்தை.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இருபதாயிரம் செலவழித்து இந்த வண்டியைப் புதுப்பித்தால் யார் ஓட்டுவது? பையன் ஜூனில் காலேஜுக்குப் போய்விடுவான், பஸ் பாஸ் இருக்கிறது. அவன் ஊரில் இல்லாத ஐந்து நாளும் வண்டி மறுபடி தார்ப்பாய்க்கு அடியில்தான். வண்டி உண்மையில் யாருக்கு வேண்டியிருக்கிறது? அவலூர்ப்பேட்டை ரோட்டில் நாலு கிலோமீட்டரில் இருக்கும் ஒன்றரை ஏக்கருக்குப் போய் வருவது நான். பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடப்பது நான். செஞ்சிக்குப் போக வர டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து நமக்கு டிக்கெட் இல்லை. புண்ணியம்தான், ஆனால் அந்த பஸ் என் கொல்லிக்கு வராதே! எரு மூட்டைக்கு ஆட்டோ, தண்ணீர் பாய்ச்சப் போக யாராவது பின்னால் ஏற்றிக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் நடை. அவர் இருந்தபோதும் பின் சீட், அவர் போன பிறகும் ஊராரின் பின் சீட்.

நான் எடுத்த முடிவு இதுதான். ஸ்பிளெண்டரைப் புதுப்பிக்கப் போவதில்லை. அந்த இருபதாயிரத்தை முன்பணமாகக் கட்டி, நம் பக்கத்துப் பெண்கள் பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை என் பெயரில் எடுக்கப் போகிறேன். கியர் கிடையாது, முன்னால் காலை வைக்க இடம், புடவைக்குத் தோது, மூட்டையும் வைக்கலாம். மொபெட் என்று சும்மா ஓட்டிவிட முடியாது, லைசென்ஸ் வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கான பழகுநர் லைசென்ஸுக்கு மனு போட்டுவிட்டேன். "இந்த வயசுலயா அண்ணி?" என்றார் கொழுந்தனார். "இந்த வயசுலதான் முழங்கால் வலிக்குது தம்பி" என்றேன்.

பழைய வண்டியையும் கொழுந்தனார் சொன்னபடி எடைக்குப் போடப் போவதில்லை. இரும்புக் கடைக்காரர் நாலாயிரம் தருகிறேன் என்றார். பணம் வரும், ஆனால் அரசாங்கக் கணக்கில் வண்டி சாகாது. நம்பர் பிளேட்டும் சேசிஸும் யார் கையிலோ சுற்றும், எங்காவது ஏடாகூடம் நடந்தால் இறந்துபோன என் வீட்டுக்காரர் பெயரில் நோட்டீஸ் வரும். வண்டியை ஒழிப்பதென்றால் பதிவை ரத்து செய்துதான் ஒழிக்க வேண்டும். இதற்கென்றே அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையங்களுக்கு 2021-ல் விதி கொண்டுவந்தார்கள். அங்கே ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள், பதிவும் ரத்தாகும். அந்தச் சான்றிதழைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. முந்நூறு ரூபாய்தான் மிச்சம், ஆனாலும் ஒரு நாள் காய்கறிக்கு ஆச்சு. பக்கத்தில் மையம் எங்கே என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வாசலில் நிற்பது பழைய புல்லட்டோ, மைசூரில் செய்த யெஸ்டியோ, ஆர்.எக்ஸ்.100-ஓ என்றால் அவசரப்பட்டு என் வழியில் வந்துவிடாதீர்கள். அதையெல்லாம் தேடி வந்து நல்ல விலை கொடுக்கும் பைத்தியங்கள் இருக்கிறார்கள். ஐம்பது வருஷம் தாண்டியதென்றால் பழம்பெரும் வண்டி என்று தனிப் பதிவே உண்டு. எங்களுடையது ஸ்பிளெண்டர், தெருவுக்குப் பத்து நிற்கிறது.

அத்தையிடம் சொல்லத்தான் ரெண்டு வாரம் ஆனது. வாரிசு சான்றிதழில் அவர் பெயரும் இருக்கிறது. இந்துவாகப் பிறந்த ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயாரும் வாரிசு. அதனால் அவர் சம்மதம் இல்லாமல் அந்த வண்டியை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஒரு நாள் அவரைக் கூட்டிப்போய் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சித்தி மகள் கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "புது வண்டில நானும் கோயிலுக்கு வரலாமா?" என்று கேட்டார். "ஹெல்மெட் போட்டுக்கிட்டா வரலாம்" என்றேன். "அத்த போட்டுக்கினு அம்மன் முன்னால எப்படி நிப்பேன்?" என்று ஒரு சண்டை. சைடு கண்ணாடி ஒன்றைக் கழற்றித் தரச் சொல்லியிருக்கிறார். அதில் பார்த்துத்தான் அவர் பிள்ளை தலை சீவுவாராம்.

பையன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இப்போது பரவாயில்லை, எனக்கு பேலன்ஸ் சொல்லித் தருவதாக இருக்கிறான். லைசென்ஸ் வாங்கும்வரை நீ ஓட்டிக் காட்டக் கூடாது, வாயால் மட்டும் சொல்லு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மாசி மயானக்கொள்ளைக் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு, இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், ஆர்.சி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அத்தையும் நானும் ஆபீஸுக்குப் போகிறோம். சகோதரிகளே, இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியின் பதிவை ரத்து செய்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள், எத்தனை தடவை நடக்க வேண்டியிருந்தது என்று இதே பகுதிக்கு எழுதுங்களேன். கிளம்புவதற்கு முன் படித்துவிட்டுப் போகிறேன்.

— ஒரு வாசகி, மேல்மலையனூர்.